20 கிராம் சிப்பி ஓட்டைச் சுட்டால் 11.2 கிராம் வரவேண்டுமாம், 14 கிராம் வந்தது ஏன்?

கேட்டவரின் மகள் சாதாரண தர மாணவி. மட்டக்களப்பு வாவிக்கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டைச் சிரட்டைக்கரியில் சுட்டு நிறுத்திருக்கிறார். "சேர்வையில் விகிதம் மாறாது என்று படிக்கிறோம், பிறகெப்படி இந்த வித்தியாசம்?" என்பது கேள்வி.

சேர்வை என்பது மூலகங்கள் குறித்த எடை விகிதத்தில் பிணைந்த பொருள். அந்த விகிதம் மாறவில்லை. தட்டில் மிஞ்சியது ஒரே சேர்வை அல்ல, இரண்டு சேர்வைகள் கலந்த கலவை. அதுதான் காரணம்.

சிப்பி ஓட்டில் பெரும்பங்கு கல்சியங்காபனேற்று. அணுத்திணிவுப்படி கல்சியம் 40, காபன் 12, மூன்று ஒட்சிசன் 48, மொத்தம் 100. சுடும்போது 44 பங்கு காபனீரொட்சைட்டாக வெளியேறும். 56 பங்கு நீறாத, அதாவது தண்ணீர் சேராத, சுண்ணாம்பாக நிற்கும். சுண்ணக்கல் சுடும்போது குறைகிற எடை ஒரு வாயுவின் எடைதான் என்று ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் யோசப் பிளாக் 1756இலேயே நிறுத்துக் காட்டியிருக்கிறார். ஆகவே 20 கிராமில் 8.8 போகவேண்டும், உங்களுக்குப் போனது 6. அந்த 6ஐ 0.44ஆல் வகுங்கள்: 13.6 கிராம் ஓடு மட்டுமே சிதைந்திருக்கிறது. அதிலிருந்து 7.6 கிராம் சுண்ணாம்பு வந்தது, 6.4 கிராம் ஓடு ஓடாகவே கிடக்கிறது. கூட்டினால் 14.

கலவை என்றால் விகிதம் எப்படியும் இருக்கலாம். வாவித் தண்ணீரையே பாருங்கள்: மாரியில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். ஆனால் அந்த உப்புக்குள் இருக்கும் சோடியங்குளோரைட்டை எந்த மாதத்தில் எடுத்தாலும் சோடியம் 23, குளோரின் 35.5 என்ற கணக்கு அசையாது.

சரி, ஏன் முழுதாக வேகவில்லை? இந்தச் சிதைவு நன்றாக ஓட ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வேண்டும், அதுவும் ஓட்டின் நடுப்பகுதிவரை. ஊதாத கரியடுப்பில் மேற்பகுதி வெந்துவிடும், உள்ளே எட்டாது. ஓட்டை நகத்தளவு துண்டுகளாக உடைத்து, கரிக்கு நடுவில் புதைத்து, துருத்தியாலோ சிறு விசிறியாலோ காற்றுக் கொடுங்கள். வெளியேறும் வாயு அங்கேயே தேங்கினால் தாக்கம் பின்னோக்கி இழுக்கும். காற்றோட்டம் அதற்கும் உதவும். முதலில் கழுவி, அவித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நிறுங்கள். ஓட்டில் கொஞ்சம் புரதமும் உண்டு, அதுவும் கருகிப் போகும். அதனால் தசமத்துக்காக மகளைத் திட்டவேண்டாம்.

ஆறியதும் தாமதிக்காமல் நிறுக்கவேண்டும். நம்மூர்க் காற்றின் ஈரத்தைச் சுண்ணாம்பு இழுக்கும், திறந்து வைத்தால் எடை மெல்ல ஏறும். வெந்ததா என்று பார்க்க, ஒரு துண்டை முதலில் தண்ணீரில் நீறவிட்டு, அதன்மேல் வினாகிரி விடுங்கள். நுரை பொங்கினால் உள்ளே காபனேற்று மிச்சம்.

நீற்றும்போது 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீரைப் பிணைத்து 74 கிராம் நீறிய சுண்ணாம்பாகும். இதிலும் விகிதம் நிலையானது; கூட ஊற்றிய நீர் பிணையாது, ஆவியாகும் அல்லது சேறாக நிற்கும். சூடோ பயங்கரம்: ஒரு கிலோ சுண்ணாம்பு தரும் வெப்பத்தைக் கணக்கில் மட்டும் பார்த்தால், சாதாரணத் தண்ணீர் மூன்றரை லீற்றரைக் கொதிக்கவைக்கும். அதனால் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தெறிக்கும்; நிறையத் தண்ணீரில் சிறு துண்டுகளாகப் போடுங்கள். இரும்புச் சட்டியோ மண்பானையோ எடுக்கலாம். அலுமினியம் கூடவே கூடாது: நீறிய சுண்ணாம்பு அதை அரித்து ஐதரசனை வெளிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

செயற்றிட்ட அறிக்கையில் 14ஐ 11.2 ஆக மாற்றி எழுதாமல், மேலே போட்ட கணக்கோடு 14 என்றே எழுதச் சொல்லுங்கள்.