24 கதவுகள், எந்தப் பொம்மை? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பொம்மை வைத்த அட்வென்ட் காலண்டர் பற்றியே. அதனால் வேறு எதையும் தொடவில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் பெட்டி இது, டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் குழந்தைக்கு ஒரு சின்னச் சாமான். அவ்வளவுதான் விஷயம், ஆனால் வாங்கப் போய் நின்றால்தான் தெரியும் எத்தனை ரகம் என்று.

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. முதல் முறையாக வாங்கப் போகிறேன். எல்லாப் பெட்டியும் அழகாகவே இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். முன்பக்கத்தில் எல்லாமே அழகுதான், அதற்குத்தானே படம் வரைந்தவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் 24 சாமான்களும் சேர்ந்து ஒரே விளையாட்டாக ஆகுமா, இல்லை 24 தனித்தனிச் சில்லறையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் மோதிரம், இரண்டாம் நாள் ஸ்டிக்கர், மூன்றாம் நாள் அழிரப்பர், நான்காம் நாள் ஒரு கீ செயின் என்று வரும் பெட்டிகள் நிறைய உண்டு. கதவைத் திறக்கும் அந்த அரை நிமிடம் சந்தோஷம்தான். மறுநாள் அது சோபாவுக்கு அடியில் கிடக்கும். இன்னொரு வகை, ஒரு பண்ணையோ தீயணைப்பு நிலையமோ குதிரை லாயமோ நாளுக்கு ஒரு துண்டாக வருவது. முதல் நாள் வெறும் வேலி வந்தால் குழந்தை உதட்டைப் பிதுக்கத்தான் செய்யும். ஆனால் மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டி வந்ததும் அந்த வேலியைத் தேடி ஓடும், ஆறாம் நாள் ஆள் வந்தால் அவருக்கு ஒரு பெயர் வைத்துவிடும். 25ஆம் தேதிக்கு அப்புறமும் விளையாடப்படுவது இந்த வகைதான். பிளேமொபில் காலண்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். லெகோவில் நாளுக்கு ஒரு சின்ன உருவத்தைக் கட்ட வேண்டும், நடுநடுவே மனித உருவங்கள் வரும்.

அடுத்து ஒரு எண்ணிக்கை. பின்பக்கப் படத்தில் மனிதர், மிருகம், வண்டி எத்தனை, மரம், பனிக்குவியல், விளக்குக்கம்பம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஹாட் வீல்ஸ் காலண்டரில் வழக்கமாக 8 கார்கள்தான், மீதி 16 கதவுகளில் கார்களோடு வைத்து விளையாடும் துணைச்சாமான்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. 24 காரும் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பையனுக்கு இரண்டாவது வாரம் தாங்காது. சில பெட்டிகளில் ‘24 ஆச்சரியங்கள்’ என்று போட்டிருக்கும், பார்த்தால் அதில் பாதி ஸ்டிக்கர் தாள். பின்பக்கத்திலும் படமே இல்லாமல் எல்லாம் ரகசியம் என்று மூடி வைத்த பெட்டிகளை நான் வாங்க மாட்டேன். அவற்றைப் பிரித்துக் காட்டும் வீடியோ தேடினால் கிடைக்கும், ஆனால் குழந்தை தூங்கிய பிறகு பாருங்கள்.

கடைசியாக உங்கள் மகளைப் பாருங்கள். இப்போது எதை வைத்து விளையாடுகிறாள்? வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கட்டைகளோடும் பொம்மைகளோடும் சேருகிற காலண்டர்தான் லாபம். போன வருடம் பித்தாக இருந்த கார்ட்டூன் கதாபாத்திரத்தை நம்பி வாங்குவது ஆபத்து, ஐந்து வயதில் பித்து இரண்டு மாதத்தில் மாறும். இன்னொன்று, கதவு திறப்பது பெரும்பாலும் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில். உங்கள் உதவி இல்லாமல் அவளே ஐந்து நிமிடத்தில் பொருத்திவிடக்கூடிய பெட்டியா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிசம்பர் முழுக்க ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் நகத்தளவு பிளாஸ்டிக் தலைமுடி என்று நிற்பீர்கள்.

கேள்வி: பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. பெரியவன் லெகோ காலண்டர்தான் வேண்டும் என்கிறான். சின்னவள் கையில் கிடைத்ததை வாயில் போடுகிறாள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வீட்டில் சட்டம் போட்டுவிட்டு வாங்குங்கள்.

சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், ‘0-3’ என்ற எண், குறுக்கே ஒரு கோடு: இந்தக் குறி பெட்டியில் இருந்தால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆகாது. ‘என் பிள்ளை கெட்டிக்காரி, மூன்று வயதுப் பொம்மையை இப்போதே விளையாடுவாள்’ என்று சிலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். அந்தக் குறிக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் சம்பந்தமே இல்லை. தொண்டையில் சிக்கும் அளவில் துண்டுகள் உண்டு என்று சொல்வதற்காகப் போடுவது அது. பொம்மைகளைச் சோதிக்கும் கூடங்களில் இதற்கென்றே ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதன் உள்விட்டம் சுமார் 3.2 செ.மீ. நசுக்காமல் அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் சின்னக் குழந்தைக்கு ஆபத்தானது என்பது கணக்கு. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக்குழாயை வைத்துப் பார்க்கலாம், அது கொஞ்சம் அகலம், அதனால் உங்கள் சோதனை இன்னும் கண்டிப்பாகவே இருக்கும். காலண்டர் கதவின் அளவை யோசித்தால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அந்தக் குழாய்க்குள் போய்விடும் என்பது உங்களுக்கே புரியும்.

ஆகவே பெரியவன் மேசையில் மட்டும் திறக்கட்டும், தரையில் வேண்டாம். வந்ததெல்லாம் மூடியுள்ள ஒரு டப்பாவில், அந்த டப்பா சின்னவளுக்கு எட்டாத உயரத்தில். ஆறு வயதுப் பையனுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் பெருமையாகச் செய்வான், ஆனால் இரவு ஒருமுறை தரையைப் பெருக்குவது உங்கள் வேலை.

லெகோ துண்டைவிட நான் பயப்படுவது வேறு மூன்றுக்கு. ஒன்று, பட்டன் பேட்டரி. மினுக்கும் மோதிரம், பாடும் குட்டிப் பொம்மை இவற்றுக்குள் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடக் கூடியது. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்காமல், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். இரண்டு, சின்னக் காந்தங்கள். இரண்டு காந்தம் விழுங்கப்பட்டால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளை போட்டுவிடும். மூன்று, தண்ணீரில் போட்டால் பெருக்கும் ஜெல் மணிகள், வயிற்றுக்குள் போனாலும் அவை பெருக்கும். உங்கள் வீட்டில் இந்த மூன்றில் எந்த ஒன்று உள்ள காலண்டரும் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே காலண்டர் போதாதா?

ஒற்றைப்படை நாள் ஒருவர், இரட்டைப்படை நாள் இன்னொருவர் என்று பிரித்தால் ஆளுக்கு 12. கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் 24ஆம் தேதிக் கதவு இரட்டைப்படையில் விழுகிறது. பெட்டியிலேயே பெரிய கதவு, பெரிய பொம்மை பெரும்பாலும் அதில்தான். இதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள், சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் சரி. பொம்மை ‘யாருடையது’ என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ஒரே பண்ணை, இரண்டு பேரும் திறக்கிறார்கள், பண்ணை இருவருக்கும் பொது என்றால் சண்டை குறையும். சில்லறைச் சாமான் பெட்டியில் இது நடக்காது. இரட்டையர் என்றால் இரண்டு பெட்டி வாங்கிவிடுங்கள், இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கட்டும்.

கேள்வி: சாக்லேட் காலண்டர் சுலபமாயிற்றே, பொம்மை எதற்கு?

சாக்லேட் சுலபம்தான், சேரும் குப்பையும் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு. பல்லும் காலைச் சாப்பாடும் உங்களுக்குப் பிரச்சினை இல்லையென்றால் அதையே வாங்குங்கள். பொம்மைதான் உசத்தி என்று ஒன்றும் கிடையாது. வீடு நிறைய ஏற்கெனவே பொம்மை கிடந்தால் நானும் சாக்லேட் பக்கம்தான்.

கேள்வி: எங்கள் சர்ச்சில் திருவருகைக்காலம் (அட்வென்ட்) சில வருடம் நவம்பரிலேயே தொடங்குகிறது. காலண்டர் மட்டும் ஏன் எப்போதும் டிசம்பர் 1?

அச்சிடுகிறவர்களின் வசதிதான் காரணம். திருவருகைக்காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறில் தொடங்கும், அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் எந்த நாளிலும் விழலாம். அதனால் 24ஆம் தேதி வரை எண்ணினால் 22 நாளும் வரும், 28 நாளும் வரும். வருடா வருடம் கதவின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருந்தால் மீந்த பெட்டியை அடுத்த வருடம் விற்க முடியாதே!

நாள் எண்ணும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் வந்தது. கதவில் சாக்பீஸால் கோடுகள் போட்டு நாளுக்கு ஒன்றாக அழிப்பார்கள், அல்லது நாளுக்கு ஒரு படம் மாட்டுவார்கள். அச்சிட்ட காலண்டரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமாக்கியவர் மியூனிக்கைச் சேர்ந்த கெர்ஹார்ட் லாங். அவருடைய முதல் காலண்டரில் கதவே கிடையாது, 24 படங்களை வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காகிதப் பஞ்சம் வந்து எல்லாம் நின்றுபோய், 1946இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் மறுபடி அச்சிடத் தொடங்கினார். பொம்மை எல்லாம் மிகப் பின்னால் வந்த சங்கதி. உங்கள் சர்ச் நவம்பர் 30 அன்று தொடங்கினால், அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கதவை மறுநாள் திறக்கலாம்.

கேள்வி: துணியில் பை பையாகத் தைத்த காலியான காலண்டர் வாங்கி நானே நிரப்பலாமா?

நிரப்பலாம், நல்ல யோசனை. ஆனால் காசு மிச்சமாகும் என்று நினைத்து இறங்காதீர்கள். 24 சின்னச் சாமான்களைத் தனித்தனியாக வாங்கினால் கடைப் பெட்டியைவிட அதிகம் ஆகிவிடும், பத்தாவது சாமானுக்கு மேல் யோசனையும் வறண்டுவிடும்.

இதற்கு ஒரு வழி, பெரிய பொம்மை ஒன்றை வாங்கி உடைப்பது. ஒரு மிருகப் பொம்மைத் தொகுப்பு, கோலிக்குண்டு ஓடும் தடம், மர ரயில், நடுத்தர அளவு லெகோ பெட்டி எதுவானாலும் சரி. லெகோவில் பெரும்பாலான பெரிய பெட்டிகளுக்குள் எண் போட்ட பைகளாகத்தான் இருக்கும், வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து நாளுக்குச் சில பக்கம் என்று துண்டுகளைப் பிரித்துக் கவரில் போட்டு வைத்தால் 24ஆம் தேதி வீடோ கப்பலோ முழுசாக நிற்கும். பிரிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிக்சா புதிரையும் இப்படிச் செய்யலாம், ஆனால் துண்டுகளைக் கண்டபடி பிரிக்காமல் ஒருமுறை நீங்களே அடுக்கி, ஓரங்கள் முதலில் வருமாறு பிரியுங்கள். இல்லாவிட்டால் குழந்தைக்கு முதல் வாரம் முழுக்க எதுவும் எதோடும் சேராது.

எல்லாப் பையிலும் பொம்மை இருக்க வேண்டும் என்றும் இல்லை. ‘இன்று ராத்திரி அரை மணி நேரம் தாமதமாகத் தூங்கலாம்’ என்று எழுதிய சீட்டுக்குக் கிடைக்கும் வரவேற்பு பல பொம்மைகளுக்குக் கிடைக்காது. ஆனால் எழுதியதை அன்றைக்கே நடத்திக் காட்ட வேண்டும். வாரநாளில் ‘பூங்காவுக்குப் போகலாம்’ என்று எழுதி வைத்துவிட்டு அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பையின் அளவை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் சாமான் வாங்குங்கள். மர இழுப்பறைக் காலண்டர் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், உள்ளே தீப்பெட்டி அளவுக்கு மேல் எதுவும் நுழையாது.

கேள்வி: போன வருடம் மகன் மூன்றாம் தேதியே எல்லாக் கதவையும் திறந்துவிட்டான். இந்த வருடம் வாங்கலாமா?

மூன்று நாள் பொறுத்தானே! வாங்குங்கள். பெட்டியை மட்டும் உங்கள் அறையில் வையுங்கள், காலையில் வெளியே வரட்டும், திறந்ததும் உள்ளே போகட்டும். நான்கு வயதுப் பிள்ளையின் கண் முன்னால் 21 பரிசை மூன்று வாரம் வைத்துவிட்டுத் தொடாதே என்பது நம்முடைய பேராசை.

கேள்வி: பதினொரு வயதுப் பெண்ணுக்குப் பொம்மைக் காலண்டர் கொடுத்தால் சிரிப்பாளா?

பொம்மை கொடுத்தால் சிரிக்கலாம். நாளுக்கு ஒரு புதிராக 24 நாள் துப்பறியும் விளையாட்டுக் காலண்டர்கள் இருக்கின்றன, அறிவியல் சோதனை, கைவினை, கனிமக் கற்கள் என்றும் வருகின்றன. புதிர் வகை இந்த வயதுக்குக் கச்சிதம், வீட்டில் மற்றவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே எச்சரிக்கை, புதிர்கள் ஒரு கதையாகத் தொடரும், ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு செய்ய வேண்டும். டிசம்பர் நடுவில் பரீட்சையோ பயணமோ இருந்தால் யோசியுங்கள். அழகு சாதனக் காலண்டர் கேட்டால், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: எப்போது வாங்குவது நல்லது? கிறிஸ்துமஸ் முடிந்ததும் விலை குறைகிறதே, அப்போதே அடுத்த வருடத்துக்கு வாங்கி வைக்கலாமா?

செப்டம்பர், அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிடும், பிள்ளைகள் கேட்கும் ரகம் நவம்பர் கடைசியில் தீர்ந்துவிடும். குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். எதுவானாலும் சரி என்பவர்களுக்கு டிசம்பர் முதல் வாரமே விலை இறங்கத் தொடங்கும், நாலு கதவு தாமதமாகத் தொடங்கினால் முதல் நாளே நாலு கதவைச் சேர்த்துத் திறந்துகொள்ளட்டும், எந்தக் குழந்தையும் அதற்குப் புகார் சொல்லாது. முடிந்தபின் வாங்கி வைப்பது கட்டைகள், மிருகங்கள், வண்டிகள் என்றால் சரி, கார்ட்டூன் கதாபாத்திரம் என்றால் வேண்டாம். ஸ்லைம், பசை, ஸ்கெட்ச் பேனா, களிமண் உள்ளதையும் எடுத்து வைக்காதீர்கள், ஒரு வருடத்தில் காய்ந்துவிடும்.