பதினான்காவது மாதம்

என் கணவர் தீயணைப்பு வீரர். ஒரு கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் போனபோது கூரை சரிந்து இறந்தார். பதினோரு வருஷம் ஆகிறது. அவரோடு வேலை பார்த்தவர்கள் நடத்தும் சிறிய நல நிதிக்கு ஒன்பது வருஷமாக நான் கணக்கு எழுதுகிறேன். பணியில் இறந்த, காயம்பட்ட தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல், மீட்புப் பணியாளர்களின் குடும்பங்களுக்கு உதவுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் இருந்த தீயணைப்பு வீரர் சென்ற வாரம் பணியில் இறந்துவிட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தெருக்காரர்கள் ஒரு தொகை திரட்டியிருக்கிறோம். மொத்தமாக இப்போதே கொடுத்துவிடலாமா?

பாதியை இப்போது கொடுங்கள். மீதிக்கு எழுதிக் கொடுங்கள். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். “அவங்க பணத்தை நாம எதுக்குப் பிடிச்சு வைக்கணும்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். இவ்வளவு தொகை, இந்தத் தேதியில் வரும். நடுவில் தேவைப்பட்டால் ஒரு போன் செய்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று தாளில் இருக்கட்டும்.

என் வீட்டு முதல் மாதத்தைச் சொல்கிறேன். வாசலில் செருப்பு விட இடமில்லை. கவர் கவராகப் பணம் வந்தது. யார் கொடுத்தார்கள், எவ்வளவு என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. வாங்கி வாங்கி மேஜை டிராயரில் போட்டேன். அதிலிருந்து இரண்டு பேர் கைமாத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை. மூன்றாம் மாதம், “அரசாங்கப் பணம் வந்துடுச்சாமே” என்று ஒரு பேச்சு கிளம்பியது. வந்தது அறிவிப்பு மட்டும்தான். ஆனால் அந்தப் பேச்சோடு வாசல் காலியாகிவிட்டது. பதினான்காவது மாதம் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் பாக்கிக்கான கடிதமும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. டிராயரைத் திறந்தேன். வெறும் கவர்கள்தான் இருந்தன.

எங்கள் நிதியில் முதல் தவணையை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுவோம். இரண்டாவது தவணை பதினான்காவது மாதம். அது என்ன பதினாலு என்று குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். நான் சொல்வதில்லை.

கடனை நேராக வங்கியில் கட்டி அடைப்பதும் நல்ல வழி. 2001 செப்டம்பர் 11 அன்று ஸ்டீபன் சில்லர் என்ற நியூயார்க் தீயணைப்பு வீரர் வேலை முடிந்து கிளம்பியிருந்தார். உலக வர்த்தக மையக் கோபுரத்தில் விமானம் மோதிய செய்தி கேட்டதும் திரும்பினார். அங்கே போகும் சுரங்கச் சாலையை மூடிவிட்டதால் வண்டியை விட்டுவிட்டு, 27 கிலோ உபகரணங்களைச் சுமந்துகொண்டு ஓடியே அதைக் கடந்து போனார். அவர் வீடு திரும்பவில்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள். குடும்பத்தார் அவர் நினைவாகத் தொடங்கிய ‘டனல் டு டவர்ஸ்’ (சுரங்கத்திலிருந்து கோபுரங்களுக்கு) அறக்கட்டளை, பணியில் இறந்தவர்களின் வீட்டுக் கடனை அடைப்பதை முக்கியமான வேலையாகச் செய்கிறது. மனைவி கையில் பணம் கொடுத்தால் கேட்க ஆயிரம் பேர் வருவார்கள். அடைத்த கடனை யாரும் கைமாத்தாகக் கேட்க முடியாது.

ஆனால் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். கடன் எடுக்கும்போதே கூடவே காப்பீடும் எடுத்திருக்கிறார்களா என்று வங்கியில் கேளுங்கள். பல வீட்டுக் கடன்களில் இருக்கும்; கையெழுத்துப் போட்டவருக்கே ஞாபகம் இருக்காது. இருந்தால் அந்தக் கடனைக் காப்பீட்டு நிறுவனம்தான் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு நீங்கள் கட்டிவிட்டால், அவர்கள் வேலையை நீங்கள் செய்ததாகிவிடும்.

அப்புறம், இறந்தவரின் போன் எண். துக்கத்தில் யாராவது “இனி எதுக்கு?” என்று நிறுத்திவிடுவார்கள். வங்கி, காப்பீடு, அலுவலக இணையதளம் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஒரு வருஷத்துக்காவது அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருங்கள். தெருவில் யாராவது இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் பெரிய புண்ணியம்.

கேள்வி: துக்கம் விசாரிக்கப் போனால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

“எது வேணும்னாலும் கேளுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள். “வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வர்றேன், ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிட்டு வந்துடலாம்” என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து நில்லுங்கள்.

கேள்வி: என் தம்பி ஆம்புலன்ஸ் ஊழியர். விபத்தில் மீட்புக்குப் போனபோது இன்னொரு வண்டி மோதி இடுப்பெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் இருந்தவரை எல்லோரும் உதவினார்கள். வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உயிர் பிழைத்ததுதான் தப்பா என்று கேட்கிறான்.

உங்கள் தம்பி கேட்பதை நான் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். எங்கள் நிதியிலும் முதல் மூன்று வருஷம் இறந்தவர்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் விதி இருந்தது. காயம்பட்டவர்கள் என்ற தலைப்பே கணக்குப் புத்தகத்தில் இல்லை. சட்டங்களிலும் இந்தத் தாமதம் நடந்திருக்கிறது. பணியில் இறக்கும் காவலர், தீயணைப்பு வீரர் குடும்பத்துக்கு இழப்பீடு தரும் அமெரிக்க மத்தியச் சட்டம் 1976-ல் வந்தது. நிரந்தரமாக முடங்கிப்போனவர்களை அதில் சேர்த்தது 1990-ல்தான்.

எங்களை மாற வைத்தவர் கையில் தீக்காயம் பட்ட ஒரு வீரர். தழும்பு தடித்துப் போகாமல் இருக்க, இறுக்கிப் பிடிக்கும் ஒரு வகைக் கையுறை போட வேண்டியிருந்தது. குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். மாதக்கணக்கில் போட வேண்டும். சில மாதத்தில் தொளதொளத்துவிடும், புதிது வாங்க வேண்டும். அவர் ஒருநாள் எங்கள் அறைக்கு வந்தார். பூட்டு திறக்க என்னிடம் சாவியை நீட்டினார். விரலை மடக்க முடியவில்லை. மருத்துவமனைச் செலவை அலுவலகம் ஏற்றுக்கொண்டது, சம்பளமும் பாதி வந்தது. கூடுதல் நேரப்படி, ஆபத்துப்படி எல்லாம் நின்றுவிட்டன. அந்த வீடு அதுவரை ஓடியதே அந்தப் படிகளால்தான். மனைவி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எந்த விண்ணப்பப் படிவத்திலும் அந்தச் சம்பள இழப்புக்கு ஒரு கட்டம் கிடையாது. இப்போது எங்கள் படிவத்தில் இருக்கிறது. நானே கோடு போட்டேன்.

உங்கள் தம்பிக்கு இப்போது வேண்டியது பெரும்பாலும் சின்னச் சின்னச் செலவுகளாக இருக்கும். பிசியோதெரபிக்குப் போய்வர வண்டி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வேலைக்குத் திரும்பினால் உட்கார்ந்து செய்யும் பணி. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதி அவருடைய சங்கத்திடமும் நிதியிடமும் கொடுங்கள். ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாக எழுதும் மனு மேஜையிலேயே கிடக்கும். பிரிட்டனில் 1943-ல், போர்க்காலத்தில் தொடங்கிய தீயணைப்பு வீரர் அறக்கட்டளை ஒன்று இன்று சொந்தமாக மறுவாழ்வு மையங்களே நடத்துகிறது. காயம்பட்டவர் அங்கே தங்கிப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் நான் பொறாமைப்படுவது அதைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத காயம். செப்டம்பர் 11 அன்று இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர். அங்கே சுவாசித்த புகையும் தூசியும் தந்த நோய்களால் பிற்பாடு இறந்தவர்களின் எண்ணிக்கை 2023-ல் அதே 343-ஐத் தொட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதிப்படுத்தி முதல் பிரிவில் வைத்தது. ஆகவே ‘பணியிலிருக்கும்போது மட்டும்’ என்று விதி வைத்திருக்கும் நிதிகள் தயவுசெய்து அதைத் திருத்துங்கள். ஓய்வுபெற்று ஆறு வருஷம் கழித்து இருமிக்கொண்டு வருகிறவரை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவீர்கள்?

கேள்வி: என் கணவர் ஒப்பந்தப் பணியாளராகத் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறார். அவருக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், யார்னெல் ஹில் காட்டுத்தீயில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 வீரர்கள் இறந்தார்கள். ஒரே இடம், ஒரே நெருப்பு. ஆனால் 6 பேர்தான் நிரந்தர முழுநேர ஊழியர்கள். மற்ற 13 பேரும் பருவகாலப் பணியாளர்கள் என்பதால், நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்குக் கிடைத்த முழுப் பலன்கள் அவர்கள் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காகப் பெரிய போராட்டம் நடந்தது.

காப்பீடு யார் பெயரில், நாமினி யார், சம்பளம் எந்த நிறுவனத்திலிருந்து வருகிறது, பணிப்பதிவேட்டில் தினமும் கையெழுத்து விழுகிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர்களின் படிவத்தில் நாமினியாக இன்னும் அம்மா பெயரே இருக்கும். மாமியாரும் மருமகளும் வருஷக்கணக்கில் பேசாமலிருப்பதற்கு அது ஒன்று போதும். நல நிதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நிரந்தரமா ஒப்பந்தமா என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அரசாங்கம் எங்கே கைவிடுகிறதோ அங்கேதான் நம் பணம் போக வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு வீரரின் படத்தைப் போட்டுப் பணம் கேட்கிறார்கள். நிஜம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என் கணவர் படத்தைப் போட்டே ஒரு கூட்டம் வசூல் செய்தது. உறவினர் ஒருவர், “நான் உன் கணக்குக்கு அனுப்பிட்டேன்மா” என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அது என் கணக்கு இல்லை. ஒரு காசு வரவில்லை. அந்தப் படம் எங்கள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. என் தோளின் ஓரம் அதில் தெரிந்தது.

ஆகவே முதலில் அவர் வேலை பார்த்த நிலையத்துக்கு போன் போடுங்கள். குடும்பம் எந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது என்று உடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அமைப்பாக இருந்தால், எவ்வளவு வசூல் ஆனது என்று கேட்காதீர்கள். அதைப் பெருமையாகச் சொல்வார்கள். போன வருஷம் எத்தனை குடும்பத்துக்குப் போனது, எவ்வளவு நாளில் போனது என்று கேளுங்கள். தணிக்கைக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அடுத்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் வருஷாவருஷம் இறந்த காவலர்களின் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கல்வி உதவித்தொகை தருகிறது. ஒரு சிறுமி இந்த வருஷம் வர மறுத்துவிட்டாள். வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. என் மகனுக்கு எட்டு வயதில், அவன் உயரத்துக்கு ஒரு அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, “இதை பேங்க்ல எப்படிம்மா உள்ளே நுழைப்பாங்க?” என்று கேட்டான். மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் அவன் அப்பா இல்லாத பையன் ஆகிவிட்டான்.

தொகையைப் பள்ளிக்கு நேராகக் கட்டிவிட்டு ரசீதை வீட்டுக்கு அனுப்புங்கள். மேடை வேண்டுமென்றால் நன்கொடையாளர்களை ஏற்றுங்கள். அவர்களுக்குத்தான் அது பிடிக்கும். மதிப்பெண் இவ்வளவு இருந்தால்தான் உதவி என்ற விதி இருந்தால் அதையும் முதல் இரண்டு வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள். அப்பா போன வருஷம் எந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கும்?

கேள்வி: மீட்புப் பணியில் பார்த்த காட்சிகளால் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பத்துக்கு நிதி தரலாமா? எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு.

தாருங்கள். அந்த மனைவியிடம் இறந்த விதம் பற்றி ஒரு கேள்விகூட வேண்டாம். அமெரிக்காவிலேயே 2022-ல் சட்டத்தைத் திருத்தி, பணியின் அதிர்ச்சியால் வரும் மனநோயையும், குறிப்பிட்ட சூழல்களில் தற்கொலையையும் இழப்பீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் குழு இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?

கேள்வி: உங்களுக்குக் கிடைத்த உதவிகளில் மறக்க முடியாதது எது?

என் கணவர் அன்று விடுப்பில் இருந்தார். வீட்டிலிருந்து நேராகத் தீ பிடித்த இடத்துக்குப் போனார். அதனால் ‘பணியில் இருந்தாரா, இல்லையா?’ என்ற கேள்வியோடு கோப்பு ஓர் அலுவலகத்தில் படுத்துவிட்டது. நான் போகும்போதெல்லாம் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அறிவித்த பணம் வராததற்குக் காரணம் இதுதான்.

அவரோடு வண்டியில் போகிற நண்பர் ஒருவர், அதே தீயில் காதும் கழுத்தும் வெந்தவர், கட்டுப் பிரித்ததும் நிலையத்தின் நிகழ்வுப் பதிவேட்டைத் தேடிப் போனார். அன்றைய பக்கம் நனைந்து மை பரவியிருந்தது. கூரை விழுவதற்கு முன்னால், வழக்கமாக எழுதுவதுபோல் அந்த நண்பர் தன் கையாலேயே எழுதிய வரி அதில் இருந்தது. நேரம் 2.40, விடுப்பிலிருந்தவர் வந்து சேர்ந்தார், நிலைய அதிகாரி உள்ளே அனுப்பினார். அதற்குச் சான்றொப்பம் வாங்க மூன்று வாரம் அலைந்திருக்கிறார். பதினைந்தாவது மாதம் ஒரு மாலை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “ஒண்ணு ஆபீசுக்கு. இன்னொண்ணை யார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க அண்ணி” என்றார்.

கொடுக்கவில்லை. மேஜை டிராயரில், அந்தப் பழைய கவர்களில் ஒன்றுக்குள் இருக்கிறது.