பார்வை நன்றாக இருக்கும்போது சர்க்கரை நோயாளிக்குக் கண் படம் எதற்கு?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கும் உங்கள் அம்மாவுக்குப் பார்வை தெளிவாக இருக்கும்போது, விழித்திரையைப் படம் எடுக்க வரச் சொல்வது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம்தான். ஒரு நாள் கூலியை விட்டு வர அவர் தயங்குகிறார் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனெனில் என் அம்மா அப்படித்தான் தயங்கினார்.

தாமிரபரணிக்கு வடக்கே பீடி சுற்றும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிட்டதால், அம்மா சுகாதார நிலையத்துப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். கண்ணாடி முகாமில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்தவர் என்பதால் எனக்கும் கவலை இல்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெடாத வரையில், சர்க்கரை நோயால் ஓரத்தில் இரத்தக் கசிவு இருந்தாலும் எழுத்து தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வழியாகப் படம் எடுத்தபோது, திருநெல்வேலிக்குப் போய்க் காட்டும்படி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அவசரம் என்று வாயால் யாரும் சொல்லவில்லை. செவிலியர்களைக் குறை கூறுவதாகச் சிலர் சண்டைக்கு வரக்கூடும். அன்றைய கூட்டத்தில் அவர்கள் நின்ற நிலையை நானும் பார்த்தவன்தான். ஆனாலும் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்தச் சீட்டு ஏழு மாதம் ரேஷன் அட்டை உறைக்குள் கிடந்திருக்காது. "சொட்டு மருந்து விட்டா அன்னைக்குப் பூரா கண்ணு கூசும், கடைக்குக் கொடுக்க வேண்டிய பீடியை யாரு சுத்துவா?" என்பது அம்மாவின் கேள்வி. எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் வலக்கண்ணுக்குள் கறுப்பு நூல் மிதப்பதாகச் சொன்னார். மாலைக்குள் புகை மூட்டம்போல் ஆகிவிட்டது. இடக்கண்ணுக்கு லேசர் வைத்து, இருக்கும் பார்வையைக் காப்பாற்றினார்கள். வலக்கண்ணில் சிகிச்சைக்குப் பிறகும் ஆள் அடையாளம் மட்டுமே தெரிகிறது.

வயது வந்தபின் வரும் சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடித்த உடனே ஒரு முறையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து இல்லாமலே படம் எடுக்கும் கருவிகளும் உண்டு; ஆனால் கண்புரை இருந்தால் படம் தெளிவாக விழாமல் போகலாம், அப்போது மருத்துவரிடம் நேரில் காட்டுவதைத் தவிர வழியில்லை. துணைக்கு நீங்களே போங்கள். சீட்டு கொடுத்தால், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று அங்கேயே கேட்டு அதன் பின்புறம் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.