மணல் தரையில ஆடாத, துப்பாக்கிய வச்சு குறி பாக்குற ஷூட்டிங் பெஞ்ச் வீட்டுலயே செய்ய முடியுமா?

தாராளமா செய்யலாம் தம்பி, ஆனா நாலு கால் வேண்டாம் மூணே கால் வைங்க, மேடுபள்ளத்துல அதுதான் ஆடாம நிக்கும். நம்ம தேவிபட்டினம் கடலோரப் பக்கம் காலுக்கு வைரம் பாஞ்ச பனஞ்சட்டம்தான் சரி, ஒவ்வொரு கால் அடியிலயும் சாண் அகலத்துக்கு பலகை அடிச்சிருங்க, இல்லைன்னா நீங்க குறி பாக்கப் பாக்க மணல்ல எறங்கி சாஞ்சிரும். இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம், உப்புக்காத்துல எனக்கு ஒரே வருஷத்துல துரு ஏறி பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போடுங்க. துப்பாக்கிக்கு அடியில வைக்கிற மணல் பையில கடல்மணல அப்படியே அள்ளிறாதீங்க, உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாயிரும், நல்ல தண்ணில அலசிக் காயவச்சு நெரப்புங்க. 10 மீட்டர் ஏர் ரைபிள் (காத்தழுத்தத் துப்பாக்கி) போட்டியில நின்னுதான் சுடணும், அதனால பெஞ்சுல குறி செட் பண்ணிட்டு, எந்த பெல்லட் (அதுல போடுற சின்ன குண்டு) ஒத்துவருதுன்னு பாத்துட்டு, எந்திரிச்சு நின்னு பழகுங்க. டார்கெட்டுக்குப் பின்னாடி ஆள் உயரத்துக்கு மண்மேடு கட்டாயம்.