தமிழ் தெரியாதவரிடம் சொல்லிப் பார்

அன்புள்ள அக்கா,

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரன் நான். சித்தூர் காலேஜில் கெமிஸ்ட்ரி முடித்து, இப்போது அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். எழுத்துக்குப் பேர்போன ஊர் இது. ஆனால் என் கதையைப் படிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதிவிடலாமா? எழுத்துப் படிப்பில் சேரலாமா? இப்படித் தனியாகக் கிடந்து எழுத்தாளனாக வளர முடியுமா?

அன்புள்ள தம்பி,

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. எல்லாக் கதையிலும் வாக்கியம் அழகு. ஒன்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலமா தமிழா என்பதை விடு, எழுத எழுதத் தெரியும். படிப்பில் சேர்வது உன் நேரத்தையும் காசையும் பொறுத்தது.

ஆனால் கடிதம் முழுக்க ‘என் கதை, என் கதை’ என்றே இருக்கிறதே, அங்கே நீ யார் கதையைக் கேட்டாய்? 1967 முதல் அந்தப் பல்கலைக்கழகம் பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கிறது. பலர் தாய்மொழியில் மட்டும் எழுதுகிறவர்கள். உன் தவிப்புதான் அவர்களுக்கும். பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடையில் எழுத்தாளர்கள் வந்து வாசிக்கிறார்கள், காசு கிடையாது. ஒரு சாயங்காலமாவது போய் உட்கார்ந்தாயா? போகாமலே ஆள் இல்லை என்று அழுதால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஹைதராபாத்தில் எம்.ஏ. படித்தபோது என் அறைத்தோழி சித்தூர்க்காரி. உன் சித்தூர் இல்லை, ஆந்திரச் சித்தூர். தமிழ் படிக்கத் தெரியாது. எழுதியதையெல்லாம் ராத்திரி பாதி ஆங்கிலம், பாதி தெலுங்கில் அவளுக்குச் சொல்வேன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் புருஷனுக்காகக் காத்து நிற்கும் ஒருத்தியின் கதை. ஊர்த்தோழிகள் அதில் வரும் மழையைக் கொண்டாடியிருந்தார்கள். இவளிடம் அந்த மழை ஒரு வரியில் தீர்ந்துவிட்டது. “சரி, அப்புறம்?” என்றாள். அந்தப் பெண் காலையில் சாப்பிட்டாளா? திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா? வீட்டிலேயே இருந்தால் என்ன, ஏன் ரோட்டில் வந்து நிற்கிறாள்? விடாமல் கேட்டாள். கடைசிக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாமியார் வந்தாள், ஒரு கடன் வந்தது, கதை வந்தது.

தமிழ் தெரிந்த நண்பர்கள் உன் நடையில் மயங்கிக் கதையை மன்னித்துவிடுவார்கள். அவளிடம் என் நடை செல்லவில்லை. யார் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பது மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அது இல்லாத இடத்தில் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவிக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். இப்போதும் ஒரு கதையை முடித்தால், பக்கத்து வீட்டு மலையாளி டீச்சரிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீயோ உன்னைச் சுற்றி ஊர் முழுக்க அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு, ஆள் இல்லை என்கிறாய்.

லேபில் பக்கத்து மேஜைக்காரரிடம் இந்த வாரமே பேச்சுக் கொடு. முதலில் அவர் ஊர்க் கதையைக் கேள், அப்புறம் உன்னுடையதைச் சொல். அவர் கண் போனுக்குப் போகிற இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே திருத்து. பிறகு எனக்கு அனுப்பு, முழுக்கப் படிக்கிறேன் கண்ணு. கூடவே அவர் சொன்ன கதையையும் எழுதி அனுப்பு. அதைத்தான் முதலில் படிப்பேன்.

அக்கா