பெயரோடு சேர்த்துப் பாருங்கள்

மதுரையையும் சுற்றுவட்டாரத்தையும் படம் எடுத்தவர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தது. அதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருமங்கலம்): அண்ணே, போட்டோகிராபர்னா எனக்கு ரகு ராய் பேரு மட்டும்தான் தெரியும். நம்ம பக்கத்துல யாரு இருக்காங்க? எங்க ஆரம்பிக்கிறது?

தம்பி, உங்க ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளேயே ரெண்டு பேர் இருக்காங்க.

முதலில் மதுரைக்காரர் எம். பழனிக்குமார். மீன் விற்கும் தன் அம்மாவைப் பற்றி அவர் செய்த படத்தொடரைப் பாருங்கள். அந்த அம்மா வறுமைக்கு அடையாளமாக நிற்கவில்லை. வேலை செய்கிற ஒரு மனுஷியாக நிற்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவும் இவர்தான். ராமநாதபுரம் கடற்கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்களை எடுத்திருக்கிறார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய, கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் 'பாரி' இணையதளத்தில் இவருடைய படங்கள் இருக்கின்றன, கட்டுரைகளைத் தமிழிலேயே வாசிக்கலாம். புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரில் பாரி 2022-இல் முதன்முதலாகக் கொடுத்த ஆவணப் புகைப்பட விருது இவருக்குத்தான் கிடைத்தது.

இன்னொருவர் வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன். தானாகவே கற்றுக்கொண்டவர். ஊரடங்குக் காலத்தில் சொந்த வீட்டுக்குத் திரும்பி, தன் குடும்பத்தையே எடுத்தார். குழந்தைகள், மரம், ஆறு, வீட்டு வாசல், இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒரு தலித் குடும்பத்தை அழுகையும் அடியும் இல்லாமல் அதன் அன்போடு காட்டியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். 2021-இல் புகைப்படக்காரர்களுக்கு உதவும் மேக்னம் அறக்கட்டளையின் நல்கை அவருக்குக் கிடைத்தது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒற்றைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். ஒரு தொடரை முதல் படத்திலிருந்து கடைசிவரை, அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு நண்பனுக்கு அனுப்பும்போது எடுத்தவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி (ஆசிரியர், மேலூர்): ஐயா, 'அந்தக் கால மதுரை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பழைய மகால் படம் சுற்றுகிறது. யார் எடுத்தது?

நீங்கள் அனுப்பிய படம் லின்னேயஸ் டிரைப் எடுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி, சென்னை மாகாணத்துக்கு அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858-இல் மதுரையில் எடுத்தார். மெழுகு தடவிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். நம்ம வெயிலில் ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டை ஈரம் காயாமல் கையாள்வதைவிட அது சுலபம், முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். ஒரு படத்துக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் நடமாடுகிற ஆட்கள் பதிய மாட்டார்கள். அவருடைய மதுரை ஆளே இல்லாத ஊர் மாதிரி தெரிவதற்கு அது ஒரு காரணம். கட்டடங்களைப் பதிவு செய்வதுதான் அரசு அவருக்குக் கொடுத்த வேலை, அது இன்னொரு காரணம்.

ஆசிரியர் என்பதால் இதைச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் மகாலை சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் சொன்னது 1866-க்குப் பிறகு. டிரைப் எடுத்தது அதற்கு முன்பு. பிள்ளைகளை மகாலுக்குக் கூட்டிப் போய், அதே இடத்தில் நிற்க வைத்து, படத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எது இடிந்து கிடந்தது, எது பிறகு வந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். புதுமண்டபத்தையும் எடுத்திருக்கிறார். 1847-இல் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்கையும் எடுத்திருக்கிறார். நாம் தினமும் பஸ் பிடிக்கப் போகும் விளக்குத்தூண்தான் அது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் தளத்தில் அவருடைய மதுரைப் படங்கள் சிலவற்றைப் பெரிய அளவில் இலவசமாகப் பார்க்கலாம்.

டிரைப்போடு இன்னொரு பெயரையும் சொல்லுங்கள். அவருக்கு உதவியாளராக இருந்தவர் சி. அய்யாசாமி என்ற தமிழர். அந்தக் காமிராவையும் ரசாயனத்தையும் அத்தனை ஊருக்குக் கொண்டுபோய் வேலை செய்ததில் அவருக்கும் பங்கு உண்டு. வாட்ஸ்அப் படங்களில் டிரைப் பெயரே இருப்பதில்லை, அய்யாசாமி பெயர் எங்கே இருக்கப் போகிறது.

கேள்வி (அலங்காநல்லூர்): ஜல்லிக்கட்டுப் படம் அஞ்சு வருஷமா எடுக்குறேன். யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்க.

வாடிவாசல் படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. மாட்டை வருஷம் முழுக்க வளர்க்கிற வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி (தந்தையின் ஸ்டூடியோவை நடத்துபவர், மதுரை): சார், அப்பா காலத்து நெகட்டிவ் பெட்டி முப்பதுக்கு மேல மச்சில கிடக்கு. கண்ணாடித் தட்டும் இருக்கு. எடைக்குப் போட்டுறலாம்னு வீட்டுல சொல்றாங்க.

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். நான் இளவயதில் பார்த்தது இன்னும் மனதில் உறுத்துகிறது. ஒரு பழைய ஸ்டூடியோவில் கண்ணாடித் தட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, மேலே இருந்த படலத்தைச் சுரண்டி எடுத்து, சாமி படத்துக்கு ஃபிரேம் போடும் கண்ணாடியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாளித் தண்ணீரில் முகங்கள் தோலுரிந்து மிதந்தன. யாருடைய பாட்டியோ, யாருடைய கல்யாணமோ.

முதல் வேலை, எதையும் நகர்த்தாமல் பெட்டிகளை இருக்கிற இருப்பிலேயே போனில் படம் எடுங்கள். எந்தப் பெட்டிக்குள் எது இருந்தது என்பதே ஒரு தகவல். அடுத்து, அப்பாவின் ரசீதுப் புத்தகம், நம்பர் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நெகட்டிவைவிட அதைத்தான் முதலில் காப்பாற்றச் சொல்வேன். நம்பருக்கு எதிரே எழுதிய பெயர் போய்விட்டால், முகம் மட்டும்தான் மிஞ்சும்.

தகர மச்சிலிருந்து இறக்கி, வெயில் படாத, ஈரம் ஏறாத அறையில் வையுங்கள். கண்ணாடித் தட்டைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், அடித்தட்டு விரிசல் விடும். நீளவாக்கில் நிமிர்த்தி வையுங்கள். மங்கலாகத் தெரிகிற பக்கம்தான் படம். அதில் விரலும் படக் கூடாது, ஈரத்துணியும் படக் கூடாது. பிலிமில் காடி வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது, மற்றதிலிருந்து பிரித்து வைத்து அதையே முதலில் நகல் எடுங்கள். பிவிசி கவர் வேண்டாம், அமிலம் இல்லாத காகித உறை போதும்.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பாதுகாக்கும் வேலையை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அப்பாவின் பெயர், ஸ்டூடியோ ஆரம்பித்த வருஷம், பெட்டிகளின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கல்யாணப் போட்டோகிராபர், உசிலம்பட்டி): அந்த மாதிரிப் படங்களைக் கண்காட்சியில் வைத்தால் உரிமைப் பிரச்சினை வருமா?

வரலாம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை. கல்யாண ஆல்பம் அதில் வரும். போட்டோகிராபர் தன் விருப்பத்துக்கு எடுத்த திருவிழாப் படமும் தெருப் படமும் அவருடையவை. 2012 திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும் உரிமை நீடிக்கும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், படத்தில் இருப்பவரின் குடும்பத்தைத் தேடிப் போய்க் கேளுங்கள். போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டுபோங்கள்.

கேள்வி (ஒத்தக்கடை): பெண்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், அக்கா. ஹோமாய் வியாரவல்லாவிலிருந்து தொடங்குங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், 1913-இல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் அச்சாயின. 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், மறுவருஷம் காலமானார்.

கேள்வி (சோழவந்தான்): எங்க ஊர்ல எண்பது வயசு தாண்டிய ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் இருக்கார். படங்களைக் காட்டச் சொன்னா, 'அதெல்லாம் என்னத்தப்பா' என்று அனுப்பிடுறார்.

முதல் நாள் காமிராவோ ரெக்கார்டரோ கொண்டு போகாதீர்கள். அவர் எடுத்த படம் ஒன்று உங்க வீட்டிலேயே இருக்கும். தாத்தா படமோ, காதுகுத்துப் படமோ. அதைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்து, "ஐயா, இதுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விட்டீங்க?" என்று கேளுங்கள்.