தூக்கம் குறைந்தால் சிறுநீரகம் கெடுமா? கிரியாட்டினின் 1.6 இருக்கிறது, ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன்

கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு, 1.6 என்பதோடு, இரவில் மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண் முதலில் போனது அந்த வரிக்குத்தான்.

நான் மருத்துவர் இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரக நோய் மூன்றாம் நிலையில் இருந்தபோது இரண்டு வருடம் அவர் அறையிலேயே படுத்துத் துணை இருந்தவள். ஒரு நாள் நடுராத்திரி அவருடைய குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா என்று திரும்பிப் படுத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் மூச்சுச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணினேன். 23 வரை வந்தது. பிறகு தண்ணீருக்குள் மூழ்கி மேலே வந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு, உடம்பே தூக்கிப்போட்டது. எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தார். காலையில் கேட்டால், "நல்லாத்தாம்மா தூங்கினேன்" என்கிறார்.

அது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. சிறுநீரக நோயாளிகளிடம் இது சாதாரணமாகக் காணப்படும் கோளாறு. மூச்சு அடைக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, பிபி எகிறுகிறது. அடைபட்ட தொண்டை வழியே மூச்சிழுக்க நெஞ்சு போராடும்போது இதய அறை இழுபட்டு விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் எடுத்துக்கொண்டு, சிறுநீரை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால் இரவில் அடிக்கடி எழுவதற்குப் புராஸ்டேட், சர்க்கரை, சிறுநீரகம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது பிபி. தூங்கும்போது பகலைவிட அது 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ள பலருக்கு அப்படி இறங்குவதில்லை. அப்பாவுக்கு மருத்துவமனையில் பார்த்தால் எப்போதும் 130/80. 24 மணி நேர பிபி கருவியைக் கட்டிப் பார்த்தபோதுதான் இரவு அளவு பகலைவிட அதிகம் என்று தெரிந்தது. அதுவரை மாதாமாதம் "கண்ட்ரோலில் இருக்கிறது" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உங்கள் நேர்க் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 4000-க்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பதினோரு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழெட்டு மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சிறுநீரகச் செயல்பாடு வேகமாகக் குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் இதன் பொருள். தூக்கக் குறைவுதான் கெடுத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு 1.6 வந்ததற்குத் தூக்கத்தை மட்டும் குற்றவாளியாக்கினால் சர்க்கரையும் பிபியும் தப்பித்துவிடும்.

ஏனென்றால் இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் இரவில் சிறுநீரைச் சுண்ட வைக்க முடியாது, எழத்தான் வேண்டியிருக்கும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுக்குழாயை நெருக்கும். டொரோண்டோவில் டயாலிசிஸ் நோயாளிகள் 14 பேருக்கு வழக்கமான டயாலிசிஸை மாற்றி, இரவு முழுவதும் மெதுவாக ஓடும் டயாலிசிஸ் கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்குச் சராசரியாக 25 தடவை தடைபட்ட மூச்சு 8 ஆகக் குறைந்தது. 2001-ல் வந்த ஆய்வு இது. சிறுநீரகத்தின் வேலையைச் செய்துகொடுத்ததும் மூச்சு சீரானது!

இரவில் தூங்கவிடாத கால் குடைச்சல் இருந்தால் இரும்புச்சத்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அதற்காக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்தை அவை நேராகத் தாக்கும். கால் குடைச்சலுக்கு எழுதித் தரும் கபாபென்டின்கூடச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. உங்கள் கிரியாட்டினினைப் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அதைக் காலையில் போடலாமா என்று கேளுங்கள்.

மூச்சு அடைபடாமல் இருக்க, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவியை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் முகமூடியைக் கழற்றிக் கழற்றி எறிந்தார். பழகிய பிறகு இரவு பிபி இறங்கியது, எழுவது ஒரு தடவையாகக் குறைந்தது. கிரியாட்டினின் குறையவில்லை. அதைக் குறைக்கும் என்று நம்பி அந்தக் கருவியை வாங்க வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது 24 மணி நேர பிபி, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம், தூக்கப் பரிசோதனை மூன்றையும் நீங்களே கேளுங்கள். ஒரு வாரம் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று குறித்து அந்தத் தாளைக் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் படுப்பவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சு நிற்பது அவருக்குத்தான் தெரியும்.